பிள்ளையார் பெயரை மாற்றிவிட்டேன்

எங்கள் வீட்டில் எல்லார் போனுக்கும் ஒரே பாஸ்வேர்டு, எங்கள் ஊர்ப் பழவங்காடிக் கோயில் பிள்ளையார் பெயர். அண்ணா தினமும் என் மெசேஜ்களைப் படிப்பான்.

இன்று கம்ப்யூட்டர் வகுப்பில் டீச்சர், பாஸ்வேர்டு என்றால் என்ன என்று கேட்டார். "உடையவருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சொல்" என்றேன். சரி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என்னுடையதை மாற்றினேன்.

சாயங்காலம் அண்ணா கத்தினான். "எடீ, யார்ட்ட கேட்டுண்டு பிள்ளையாரை மாத்தினே?"

"எனக்கு மட்டும்தான் தெரியணும். பாடத்துலயே இருக்கு."

"பாடமா? காலம்பற அப்பா ஊர்லேந்து வரட்டும். போனைப் பிடுங்கறாரா இல்லையா பாரு, கேட்டோ!"

இதைப் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். பயம்தான். ஆனாலும் புது பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அப்பாவிடம் "மாட்டேன்" என்னும்போது குரல் நடுங்காமல் இருக்க என்ன செய்வது? தெரிந்தவர்கள் விடிவதற்குள் எழுதுங்கள்.