நாலாவது தோள்

நோட்புர்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டவர்களையும் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆஸ்டன் ஏரியின் நிழல்கரைக் கோயிலுக்கு வெகுகாலமாக அவள்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பாள், மெழுகுவர்த்தி ஏற்றுவாள், பூசைக்குப் பிந்தி வருகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, பிந்திவிட்டால் பலர் வராமலே இருந்துவிடுவார்கள்.

ஏரிக்கு வடக்கே வெயில்கரை. அங்கே சாலை உண்டு, ஓட்டல் உண்டு, பல் மருத்துவர்கூட உண்டு. தெற்கே நிழல்கரை. மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதால் சாலை போட இடமில்லை. நவம்பரில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் பிப்ரவரியில்தான் தலைகாட்டும். அந்த நாளில் நிழல்கரைக்காரர்கள் வாசலுக்கு வந்து, "வந்துட்டாரா துரை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

கோடையில் படகில் போகலாம், கடுங்குளிரில் பனிக்கட்டி மேல் நடக்கலாம். இடையில் சில வாரம் ஏரி படகுக்கும் ஆகாது, காலுக்கும் ஆகாது. அதனாலேயே வெயில்கரைக்காரன் எவனும் நிழல்கரையில் இரவு தங்கமாட்டான். பாதிப் பேச்சில் எழுந்து ஓடியாவது கடைசிப் படகைப் பிடித்துவிடுவான். அங்கே படுத்தால் பல் கொட்டிவிடும் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

இரண்டு கரைக்கும் பொதுச் சொத்து ஒன்றே ஒன்று: கையில் மீனோடு நிற்கும் புனித உல்ரிக்காரின் மரச் சுரூபம். பழைய நாளில் அதற்காக மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஒரு முறை ஏற்பட்டது. ஏரி முழுக்க உறைகிற ஆண்டில் உல்ரிக்கார் கரை மாறுவார். நடு ஏரி வரை இந்தக் கரையின் நாலு பேர் சப்பரத்தைத் தூக்குவார்கள், அங்கிருந்து அந்தக் கரையின் நாலு பேர். முன்பெல்லாம் ஏறக்குறைய ஆண்டுதோறும் உறைந்ததால், அவரும் இரண்டு குடும்பக்காரர் மாதிரி போய் வந்துகொண்டிருந்தார். பிறகு குளிர்காலங்கள் சோம்பேறியாகிவிட்டன. ஓரம் உறையும், ஆழமான நடுப்பகுதியில் தண்ணீர் கறுப்பாக அலையடித்துக்கொண்டே இருக்கும். உல்ரிக்கார் கடைசியாக வெயில்கரைக்குப் போனபோது நோட்புர்காவின் தலையில் ஒரு நரை இல்லை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். பீடத்தில் அவருடைய காலி இடத்தைத் தினமும் துடைத்து வந்தாள்.

வெயில்கரையில் சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவன் காஸியான். ஓட்டல்காரன், மனைவியை இழந்தவன். ஒவ்வொரு கோடையிலும் நோட்புர்கா படகேறிப் போய் அவனிடம் கேட்பாள்.

"படகுல ஏத்தி அனுப்பேன். என்ன கொறஞ்சிடப் போவுது?"

"உருளைக்கிழங்கு மூட்டையா அவரு? முறைன்னா முறைதான்."

"ஏரி ஒறையவே இல்லன்னா?"

"அதுக்கு நான் என்ன பண்ண? காபி குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டு வருவாள். காபி நன்றாக இருப்பது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

இந்தப் பிப்ரவரியில் ஏரி உறைந்தது. யாரும் நம்பவில்லை. பனிக்கட்டியைத் துளைபோட்டு அளக்கிறவர் நடு ஏரி வரை போய் வந்து, "தாங்கும்" என்றார். ஆனால் சாயங்காலம் தென்காற்று இறங்கும் என்று வானொலி சொன்னது. தென்றலைப் பாட்டுப் பாடிக் கொஞ்சுகிறவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். இந்த மலையின் சூடான தென்காற்று ஏரியைக் கஞ்சியாக்கிவிட்டுத்தான் போகும். இன்றைக்கு விட்டால் தன் ஆயுளில் உல்ரிக்கார் வரமாட்டார் என்று நோட்புர்காவுக்குத் தெரியும்.

நிழல்கரையில் மிஞ்சியிருப்பதே ஏழு பேர். அதில் தோள் கொடுக்கக்கூடியவர்கள் மூன்று பேர்: நோட்புர்கா, அவள் தம்பி ரொமேடி, பக்கத்து வீட்டு வெண்டலின். நாலாவதாக வெண்டலினின் மகன் இன்ஸ்ப்ருக் நகரத்திலிருந்து வருவதாக இருந்தது. காலையில் கணவாயில் பனி சரிந்து சாலையை மூடிவிட்டது.

மதியம் வெயில்கரையின் நாலு பேர் நடு ஏரியில் சப்பரத்தை இறக்கினார்கள். வெயில்கரை மொத்தமும் பின்னால் நின்றது. போன வருடம்தான் போலந்திலிருந்து வந்த பங்குச்சாமி மூக்கு சிவந்து ஜெபப் புத்தகத்தோடு நின்றார்.

"நாலாவது ஆள் எங்க?" என்றான் காஸியான்.

"வழியில மாட்டிக்கிட்டான்."

"நான் தூக்கறேன் பாட்டி" என்று ஒரு வெயில்கரைப் பையன் முன்னால் வந்தான். காஸியான் கையை நீட்டித் தடுத்தான்.

"அந்தக் கரை ஆளுதான் தூக்கணும்."

"அந்தக் கரை ஆளுன்னா? அங்க பிறந்தவங்களா?" என்று சாமி கேட்டார்.

"பொறக்கணும்னு இல்ல சாமி. ஒரு ராத்திரியாவது அங்க படுத்து எந்திரிச்சிருக்கணும்."

சாமி நம்பிக்கையோடு கூட்டத்தைப் பார்த்தார். "அப்படி யாராவது இருக்கீங்களா?"

"பல்லு முப்பத்திரெண்டும் இருக்கு சாமி, எண்ணிக்குங்க" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

காஸியான் சிரிக்கவில்லை. உல்ரிக்காரின் கையிலிருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்புர்கா அவனைப் பார்த்தாள். அவன் மீனையே பார்த்தான். காலடியில் எங்கோ பனிக்கட்டி முனகியது.

"அப்ப திருப்பி எடுத்துட்டுப் போவோம்" என்றான்.

"நில்லு," என்றாள் நோட்புர்கா. "காஸியான் தூக்கலாம்."

"அவரு எங்க ஆளாச்சே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா போதும்னுதான முறை? எந்திரிச்சிருக்கான்."

"யார் வீட்ல?"

"எங்க வீட்ல."

சாமிக்குத் தனக்குத்தான் மொழி சரியாகப் புரியவில்லையோ என்று சந்தேகம் வந்தது.

"இது எப்பம்மா நடந்தது?"

"முறையில தேதி கேக்கலையே சாமி."

"இல்ல, கேக்கல" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ரொமேடிக்குத்தான் கணக்கு உதைத்தது. "நம்ம வீட்லயா? நான் எங்க இருந்தேன்?"

"குறட்டை விட்டுட்டு இருந்த."

காஸியான் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, நாலாவது தண்டின் கீழே குனிந்தான்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினியே," என்று முணுமுணுத்தான். "நாப்பத்தஞ்சு வருஷமா நான் வாயத் தொறக்கல."

"தெரியும். இப்பவும் தொறக்காத. தூக்கு."

தூக்கினார்கள். பின்னால் வெயில்கரை குசுகுசுக்க ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் விஷயம் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்விடும். நோட்புர்காவுக்கு முகம் எரிந்தது. வெட்கம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இருந்தது. அந்த ஒரு இரவு வெளியே தெரிந்தால் அதன் பாரத்தில் நசுங்கிப்போவோம் என்று இத்தனை வருடமும் பயந்திருந்தாள். கொஞ்ச தூரம் நடந்ததும்தான் தெரிந்தது, உல்ரிக்கார் அதைவிடப் பாரம்.