அரிசி வாளிக்குள் பதினாறு ஸ்பிரிங்

பிஸ்டனின் தலையில் நகக்கீறல் போல ஒரு சின்னப் பிறை. அதைக் கண்டதும் கைவிளக்கை இன்னும் கிட்டப் பிடித்தேன்.

என்ஜினில் வால்வைத் திறப்பது காம் சாப்ட். திறந்ததைத் திரும்பக் கொண்டுவந்து மூடுவது ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்து போனால், வேகம் கூடும்போது வால்வு நேரத்துக்கு மூடாது. மேலே ஏறி வருகிற பிஸ்டன் அதில் போய் இடிக்கும். அன்றைக்கு லேசாகத் தொட்டிருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் பலமாக இடித்திருந்தால் வால்வு முறிந்து, என்ஜின் அப்படியே இறுகி, அந்த வேகத்தில் போன கார் எங்கே போய் நின்றிருக்குமோ, முருகா! காருக்குள் இருந்தவர் என் கணவர்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பாத்தியே? ஒண்டும் ஆகேல்லைத்தானே.”

கையிலிருந்த ஸ்பானரை எறியாமல் மேசையில் வைத்தேனே, அதற்கே எனக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

எங்கள் கராஜ் கோப்பாயில், வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. வால்வுகள் இருக்கிற என்ஜினின் மேல்பகுதி, அதுதான் ஹெட், அந்த வேலை முழுக்க என்னுடையது. மற்றதெல்லாம் இவருடையது, ஓட்டுவதும் இவர்தான். வெளியே பார்த்தால் மரக்கறி ஏற்றக்கூட யாரும் கேட்காத பழைய ஜப்பான் கார். உள்ளே இருக்கும் என்ஜின் நாங்கள் இரண்டுபேரும் பார்த்துப் பார்த்துக் கட்டியது. இடையிடையே ஏதாவது ஒரு ஞாயிறு காலை, அனுமதி எடுத்து, ஒரு நேர் வீதியை மறித்துக் கார் ஓட்டப் போட்டி வைப்பார்கள். இரண்டிரண்டு காராக விடுவார்கள். நான் தடுப்புக் கயிற்றோடு நின்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பேன். கடைசி ஓட்டத்தில், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால், தகரக் கூரையில் சரளைக்கல் அள்ளி எறிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அதனால்தான் ஹெட்டைக் கழற்றினேன்.

அடுத்த ஓட்டம் நெருங்கிவிட்டது. கொழும்பிலிருந்து இரண்டு செட் ஸ்பிரிங் எடுப்பித்தோம். ஒன்று இவர் கேட்டது: ஒன்றுக்குள் ஒன்று வைத்த இரட்டைச் சுருள், கையால் அமர்த்தினால் அசையவே அசையாது. மற்றது நான் கேட்டது: ஒற்றைச் சுருள், நல்ல உருக்கு, பழையதை விட ஓரளவு விறைப்பு.

“கொழும்பிலை எல்லாரும் உந்த இரட்டையைத்தான் போடுறாங்கள். நிமிசத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று அடிக்கும்,” என்றார் இவர்.

“எல்லாரும் கிணத்துக்குள்ளை குதிச்சா நீங்களும் குதிப்பியளோ?”

என்னிடம் ஸ்பிரிங் சோதிக்கிற கருவி ஒன்றும் கிடையாது. துளைக்கிற மெஷினுக்குக் கீழே ஆள் நிறை பார்க்கிற தராசை வைத்து, கைபிடியால் ஸ்பிரிங்கை அமர்த்தி, எந்த உயரத்தில் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்ப்பேன். இரட்டைச் சுருளை வால்வு முழுதாகத் திறந்திருக்கும் உயரத்துக்கு அமர்த்தினேன். சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டன. இவரைக் கூப்பிட்டு ஒரு துண்டுக் கடதாசியைக் கையில் கொடுத்தேன்.

“உந்தச் சுருளுகளுக்கு இடையிலை கடதாசியை நுழையுங்கோ பாப்பம்.”

நுழைத்துப் பார்த்தார். மடித்தும் பார்த்தார். போகவில்லை.

“இடைவெளியே இல்லாட்டி என்னெண்டு ஓடுறது? முதல் சுத்திலேயே ஏதாவது ஒண்டு முறியும்.”

“ஹெட்டிலை ஸ்பிரிங் குந்துற இடத்தைக் கடைஞ்சு இறக்கலாமே?”

“இறக்குங்கோ. அதுக்குக் கீழை என்ஜினைக் குளிராக்கிற தண்ணி ஓடுற வழி. ஓட்டை விழட்டும், பேந்து ரண்டு பேரும் இருந்து பாத்துக்கொண்டிருப்பம்.”

“சரி, உன்ரை விருப்பம்,” என்றார். விருப்பத்தோடு சொல்லவில்லை. இரட்டைச் சுருள் பெட்டியைக் கொண்டுபோய்க் கார் டிக்கிக்குள் எறிந்துவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஹெட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு மேசையைப் பார்க்கிறேன், என் ஸ்பிரிங் பெட்டியைக் காணவில்லை. பதினாறும் போய்விட்டது. மேசைக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், பழைய டயர்களுக்குள், எல்லா இடமும் தேடினேன். எனக்கு ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம். நேரே இவரிடம் போனேன்.

“எங்கை ஒளிச்சு வைச்சனீங்கள்?”

“எதை?”

“நடியாதையுங்கோ. என்ரை செட் இல்லாட்டி உங்கடை இரட்டையைப் போடலாம் எண்டுதானே?”

இவர் முகம் சிவந்தது. “விசர்க்கதை கதையாதை. எனக்கு ஏன் ஒளிப்பு? காணாட்டிப் போகட்டும். பழசைப் போட்டு மூடு, நாளைக்கு அதோடையே ஓடுறன்.”

இவர் சொன்னால் செய்கிற ஆள். அந்தத் தளர்ந்த ஸ்பிரிங்கோடு, அந்தக் கீறல் விழுந்த பிஸ்டனோடு, போய் நிற்பார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அப்போதுதான் குசினி வாசலில் மாமி நிற்பதைக் கண்டேன். இவருடைய அம்மா. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார்.

“அவனைப் பேசாதை பிள்ளை. நான்தான் எடுத்தனான்.”

“மாமி!”

“உது இல்லாட்டிக் கார் ஓடாது எண்டு நினைச்சன். ஓடாட்டி அவன் வீட்டிலை நிப்பான்தானே.”

இவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மாமியின் கையைப் பிடித்துக் கராஜுக்குள் கூட்டிப்போய், அந்தப் பிஸ்டனைக் காட்டினேன்.

“உதைத் தொட்டுப் பாருங்கோ. பழைய ஸ்பிரிங்காலை வந்த காயம் உது. உங்கடை மகன் மயிரிழையிலை தப்பி வந்தவர். நீங்கள் புதுசை ஒளிச்சால் அவர் நிக்கமாட்டார், உந்தப் பழசோடை போவார்.”

மாமி பெருவிரலை அந்தப் பிறையில் வைத்துத் தடவினார்.

“அப்ப புதுசு என்ன செய்யும்?”

“போன வால்வை நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும், மாமி. வேறை ஒண்டும் செய்யாது.”

மாமி குசினிக்குப் போனார். அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, பெட்டியை எடுத்து வந்து தந்தார். மூடிக்கு மேலே நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“இனி இந்த வீட்டிலை ஒருத்தரும் ஒண்டையும் ஒளிக்கக் கூடாது,” என்று நான் கத்தினேன். மாமி தலையாட்டினார்.

கத்தி முடித்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் ஒளிக்கிறவள்தான். என்ஜினின் வேகத்தைத் தானாக மட்டுப்படுத்துகிற கட்டுப்பாட்டை இவர் எப்போதோ கழற்றிவிட்டார். நான் சொல்லுகிற எண் ஒன்றுதான் இவருக்குக் கடிவாளம். ஆளை எனக்குத் தெரியும், அதனால் எப்போதும் ஐந்நூறு சுற்றுக் குறைத்தே சொல்வேன். ஏழாயிரத்து ஐந்நூறு தாங்குமென்றால் ஏழாயிரம் என்பேன். அந்த ஐந்நூறு இவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பொழுதுபட முன்னம் பதினாறையும் போட்டு ஹெட்டை ஏற்றிவிட்டேன். கையால் சுற்றிப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. தராசு காட்டிய கிலோவை வைத்துக் கணக்குப் போட்டேன். எண்ணாயிரம் சுற்று வரை தாங்கும். அதற்கு மேலே நான் பொறுப்பில்லை.

ஞாயிறு காலை, தொடக்கக் கோட்டில் நின்ற காரின் யன்னலுக்குள் குனிந்து சொன்னேன்.

“எண்ணாயிரம். விளங்குதோ?”

“எண்ணாயிரமோ?”

“ஓம். அதுக்கு மேலை ஒரு சுத்தும் போகக் கூடாது.”

இவர் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார். எனக்கு மனம் இலேசாக இருந்தது. முதல் தடவையாக உண்மையான எண்ணைச் சொல்லியிருக்கிறேன்.

கொடி விழுந்தது. கயிற்றோடு நின்று கண்ணை மூடினேன். முதல் கியர் சுத்தம். இரண்டாவது, அம்மாளாச்சி, அப்படி ஒரு சத்தம், தைத்த துணி போல ஒரே சீராக ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவதில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. எண்ணாயிரம் வந்திருக்கும். இனி மிதியை விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. விடுங்கோ, விடுங்கோ என்று வாய்விட்டுக் கத்தினேன். அப்போது கேட்டது, தகரக் கூரையில் அதே சரளைக்கல்.

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. கார் முடிவுக் கோட்டைத் தாண்டி, நின்று, தடக் தடக் என்று ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. இவர் இறங்கி நின்றார், முழுசாக. பக்கத்துக் காரை முந்தியிருந்தார். முகமெல்லாம் பல்.

“எவ்வளவுக்குப் போனனீங்கள்?”

“எண்ணாயிரத்து ஐந்நூறு. நீ எப்பவும் ஐந்நூறு குறைச்சுத்தானே சொல்லுறனி. எனக்குத் தெரியாதே?”

இத்தனை காலமும் தெரிந்திருக்கிறது. இத்தனை காலமும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

“இந்தமுறை நான் குறைக்கேல்லை,” என்றேன்.

இவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தை விட்டுப் போனது. ஹெல்மெட்டை வீதியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்திவிட்டார். அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள். நான் போய், வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் ஹெட்டைக் கழற்றினோம். ஸ்பானர் பெட்டியை எடுக்க டிக்கியைக் காலி செய்தபோது, இரட்டைச் சுருள் பெட்டியும் மேசைக்கு வந்திருந்தது. இரண்டாவது சிலிண்டரில் ஒரு வால்வு வளைந்துபோயிருந்தது. பிஸ்டனில் பழைய பிறைக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதைவிட ஆழம். இவர் பெருவிரலை அதில் வைத்தார். எடுக்கவில்லை.

“இனி எனக்கு எவ்வளவெண்டு சொல்லுவாய்?” என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் கூட்டுவார். குறைத்துச் சொன்னால் எவ்வளவு குறைத்தேன் என்று கணக்குப் பார்ப்பார்.

“நான் சொன்னா நீங்கள் எவ்வளவுக்குப் போவியள்? அதை முதல் சொல்லுங்கோ.”

இவர் பெருவிரலைப் பிறையிலிருந்து எடுத்துத் துணியில் துடைத்தார்.

மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். குனிந்து இரண்டு பிறைகளையும் பார்த்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, இரட்டைச் சுருள் பெட்டியை எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, குசினிப் பக்கம் நடந்தார். அரிசி வாளி மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

நாங்கள் தேத்தண்ணியைக் குடித்தோம். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.