மெஷின் நின்றால் சரி

மதிய நேரத்தில் அந்த வண்டி வருவதை யாரும் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி. சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்தவர்களின் அரைத்தூக்கத்துக்குள் முதலில் ஒரு கரகரப்பு நுழையும், அதன் பின்னால் ஒரு குரல் வரும். மெத்தை மலிவு விற்பனை, ரத்ததான முகாம், காணாமல் போன பெரியவர் என்று எதைச் சொன்னாலும் அது கனவின் ஒரு பகுதியாகவே கேட்கும். எழுந்து முகம் கழுவும்போது, ஒரு மெத்தை வாங்கினால் என்ன என்று தாங்களாகவே யோசிப்பதுபோல யோசிப்பார்கள்.

குரல்காரர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடியபடி உட்கார்ந்திருப்பார். சாத்திய கதவுகளும் காயப்போட்ட துணிகளும் மெதுவாகப் பின்னால் போகும். வண்டியின் மேலே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருவது தன் குரல் இல்லை, தன்னைவிடக் கொஞ்சம் நல்லவரான யாரோ பேசுகிறார் என்று அவருக்கே தோன்றும். அது ஒருவகையில் உண்மைதான். வீட்டில் இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டுமென்று கேட்பதற்கே இவர் இரண்டு தடவை கனைப்பார்.

தொழில் ரகசியத்தை அவர் ஒளித்து வைத்ததில்லை. ஓட்டுநர் கேட்காமலேயே சொல்வார். அலுவலகக் குடியிருப்புக்குள் நுழைந்தால் கணக்கு பேச வேண்டும்: இந்த மின்விசிறி எவ்வளவு மின்சாரம் தின்னும், எத்தனை வருஷம் உழைக்கும். கடைத்தெருவில் கணக்கு எடுபடாது, அங்கே எல்லோரும் கணக்கில் புலிகள். அங்கே ஆளைப் பற்றித்தான் பேச வேண்டும்: சொல்வது யார், அப்பா காலத்திலிருந்து கடை வைத்திருப்பவரா, நேற்று முளைத்தவரா. தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளுக்குப் போனால் மனசு. வேர்த்து வீட்டுக்கு வரும் உங்கள் பிள்ளை நிம்மதியாகத் தூங்க வேண்டாமா என்று ஒரு கேள்வி, கேள்விக்குப் பிறகு ஒரு மூச்சு விடும் நேரம். கணக்கு, ஆள், மனசு. ஓட்டுநர் தலையாட்டிக்கொண்டே சாலையைப் பார்ப்பார்.

ஆனால் எந்த அறிவிப்பும் நேராகத் தெருவுக்குப் போனதில்லை. முதலில் அவர் வீட்டு முன்னறையைத் தாண்ட வேண்டும். உள்ளறையில் அவர் மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள், முதுகு இந்தப் பக்கம். இவர் முன்னறையில் நின்று அறிவிப்பைச் சொல்லிப் பார்ப்பார். அவள் திரும்பவும் மாட்டாள், நன்றாயிருக்கிறது என்று வாயைத் திறக்கவும் மாட்டாள். ஆனால் பேச்சு எங்கேயாவது அவளைத் தொட்டுவிட்டால் கால் தானாக நின்றுவிடும். கல்யாணமான புதிதில் அதைக் கவனித்தவர் அன்றிலிருந்து அதையே முத்திரையாக வைத்துக்கொண்டார். மெஷின் நின்றால் சரி. நிற்காவிட்டால் வார்த்தையை மாற்றி மறுபடியும் முதலிலிருந்து. நிற்க வைப்பது லேசுப்பட்ட காரியமாகவும் இருந்ததில்லை.

இந்த வருஷம் அது லேசாகிவிட்டது. பாத்திரக்கடை அறிவிப்புக்கு நின்றது. கொசு மருந்துக்கு நின்றது. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்ற நகராட்சி அறிவிப்புக்குக்கூட நின்றது. தண்ணீர் வராததைக்கூட இவ்வளவு உருக்கமாகச் சொல்ல நம்மால்தான் முடியும் என்று குரல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வயது ஏற ஏறக் குரல் பழுக்கிறது என்று ஓட்டுநரிடம் சொன்னார். ஓட்டுநர் அதற்கும் தலையாட்டினார்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டு வேலை பாதியில் நின்றது. தலையைத் துவட்டிக்கொண்டே அவர் முன்னறையில் சும்மா நின்றிருந்தார். வெளியே மழை, உள்ளே மெஷின், இரண்டும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. அவருக்கு நின்றபடியே கண் சொருகியது. அப்போது மெஷின் நின்றது.

அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

எட்டிப் பார்த்தார். அவள் அறுந்த நூலின் முனையை நாக்கில் நனைத்து ஊசிக்குக் கொண்டுபோனாள். நூல் ஊசிக்குப் பக்கத்தில் போய்க் காற்றைத் தொட்டது. மறுபடி நனைத்தாள். முகத்தை ஊசிக்கு மேல் கவிழ்த்து, விரலால் அதன் காதைத் தடவி, மறுபடியும் தவறவிட்டாள். கடைசியில் எப்படியோ நுழைந்தது, மெஷின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. பாத்திரக்கடையும் கொசு மருந்தும் தண்ணீர் வராத நாளும் வரிசையாக அவர் நினைவுக்கு வந்தன. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

தனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லித்தான் அவளைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். சின்ன அறுவைதான், ஆனால் முற்ற விட்டால் சிக்கலாகும், பார்வையே போனாலும் போகலாம், தள்ளிப்போடாதீர்கள் என்றார். பேருந்தில் வீடு திரும்பினார்கள். செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்: "இப்ப மங்கலாவாவது தெரியுது. கத்தி வச்சு அதுவும் போயிட்டா? நான் வரலை."

ஊரையே மெத்தை வாங்க வைத்தவர். ஒரு மனைவியைப் பேசிச் சம்மதிக்க வைக்க முடியாதா என்றுதான் அவர் முதலில் நினைத்தார். மறுநாள் முன்னறையில் நின்று கணக்கில் ஆரம்பித்தார்: நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்குச் சரியாகிறது, எவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். மெஷின் அதுபாட்டுக்கு ஓடியது. மின்விசிறிக்கும் இதே குரல்தான் என்றாள் அவள், திரும்பாமலே.

அடுத்து ஆள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை இரண்டு கண்ணிலும் அறுவை செய்துகொண்டவர். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆசிரியை நாள்காட்டியின் பொடி எழுத்தை அங்கிருந்தே வாசித்துக் காட்டினார். அவள் டீ போட்டுக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு, டீச்சர் தைரியசாலி, நான் அப்படி இல்லை என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "நீங்க காலைல ஒரு கடைதான் ஒசத்தின்னு சொல்வீங்க, சாயங்காலம் எதிர்க்கடை. அதுல எதை நான் நம்பறது?" என்றாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் அவரைச் சுட்டது.

மிச்சமிருந்தது மனசு. வெளியூரில் இருக்கும் மகளின் குழந்தையைப் பற்றிப் பேசினார். அது சிரித்தால் முகம் தெரிய வேண்டாமா என்று கேட்டு, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். குரல் எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. "அந்த இடத்துல எப்பவும் கொஞ்சம் இழுத்துடறீங்க" என்றாள், வாக்கியம் சரியில்லாதபோது வழக்கமாகச் சொல்வதைப்போல. பாவம், அவர் அன்றைக்கு நிஜமாகவே அழுதிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் முன்னறையில் பேசுவதை விட்டுவிட்டார். வேலை முடிந்து வந்ததும் உள்ளறைக்குப் போய் மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். நூல் அறுந்து மெஷின் நிற்கும்போது கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கோத்துக் கொடுப்பார். மைக் பிடித்த கை, ஊசி அதற்குப் புதிது. நாலு தடவை தவறி ஐந்தாவது தடவை நுழைப்பார். அவள் காத்திருப்பாள். இப்படியே நாட்கள் போயின. ஜன்னல் வெளிச்சம் துணிமேல் விழுந்து நகர்ந்துகொண்டே இருக்க, மெஷின் சத்தத்தில் இரண்டு பேரும் எங்கோ மிதந்துபோவதைப் போலிருக்கும்.

ஒரு சாயங்காலம் அவர் பேசினார். கனைக்கவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை. மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாத மெல்லிய குரல், யாரும் காசு கொடுத்து வாங்காத குரல்.

"நீ நிறுத்தினப்பல்லாம் என் பேச்சு நல்லா இருக்குன்னு நெனைச்சேன். நீ அங்க நூலைத் தேடிட்டு இருந்திருக்கே. நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்திருக்கேன்." சேலை ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்த ஊசியையே பார்த்தபடி அவர் தொடர்ந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. சரியாயிடும்னு நான் எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியாது. உள்ள கூட்டிட்டுப் போறப்ப கதவு வரைக்கும் வருவேன். அப்புறம் வெளிய உக்காந்திருப்பேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியலை."

மெஷின் நின்றது.

பழக்க தோஷம், அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நூல் முனையைத் தேடி விரலை நீட்டினார். அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நூல் அறுகலைங்க" என்றாள். "எந்தக் கிழமை வரணும்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க."