ஃபெல்ட்டன் வளைத்த பித்தளைக் காப்பு

பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் பக்கம், ஹம்மானின் துப்பாக்கிப் பட்டறையில் பித்தளை வேலை என்றால் ஃபெல்ட்டன் ஷவுப்தான். குழல்வாய் வழியே வெடிமருந்து திணித்துச் சுடும் நீளத் துப்பாக்கிக்கு அடித்தகடு, திணிகுச்சி செருகும் குழல், விசையைச் சுற்றி வளையும் காப்பு எல்லாவற்றையும் மரக்கட்டையோடு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வைப்பான். இப்படியே காலம் ஓடியிருந்தால் நல்ல மனுஷன் என்று பெயரெடுத்துச் செத்திருப்பான். யோஸ்ட் வந்தானே, அன்றைக்குப் பிடித்தது சனி.

யோஸ்ட் மலைக்கு அப்பாலிருந்து வந்தவன். அவன் பொருத்திய பித்தளையைத் தடவிப் பார்த்து நாலு பேர் "அடேயப்பா!" என்றால் ஃபெல்ட்டனுக்கு அடிவயிறு பற்றிக்கொள்ளும். யோஸ்ட்டோ வாய் நிறைய "அண்ணே" என்பான். அது அதைவிட எரிச்சல்.

அந்தச் சமயத்தில் ஜன்னலோர மேசை காலியானது. வெளிச்சம் விழும் அந்த இடத்தில் உட்காருகிறவன்தான் பித்தளை வேலைக்குத் தலைவன். ஹம்மான் என்ன செய்தார்? ஒரு துப்பாக்கியை யோஸ்ட்டிடம் கொடுத்து, "இதோட காப்பைப் பொருத்து. நல்லா உட்கார்ந்தா மேசை உனக்கு" என்றுவிட்டார்.

"இத்தனை வருஷம் உழைச்ச நான் என்ன கிள்ளுக்கீரையா?" என்று ஃபெல்ட்டன் வீட்டில் தட்டைத் தள்ளினான்.

"அதை அவர்கிட்டப் போய்க் கேக்கணும். நான் வெச்ச மாவுருண்டை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அவன் மனைவி அப்பொலோனியா.

கேட்டானா? கேட்கவில்லை. மறுநாள் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் பின்தங்கினான். யோஸ்ட் காப்பைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, வளைக்கத் தோதாக மெத்தென்று வைத்துவிட்டுப் போயிருந்தான். ஃபெல்ட்டன் அதை வைஸ் என்ற இரும்புப் பிடியில் கடிக்கவைத்து வளைத்தான், நிமிர்த்தினான், மறுபடி வளைத்தான், நிமிர்த்தினான். வளைக்க வளைக்கப் பித்தளை விறைத்தது; இனி ஒரு தரம் வளைத்தால் உடையும். உள்ளே லேசாக முனகியதும் நிறுத்தி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து வந்த யோஸ்ட் காப்பை எடுத்துக்கொண்டு நேரே ஹம்மானிடம் போனான்.

"முதலாளி, ஒளிக்க என்ன இருக்கு, இந்தப் பின்வளைவு எனக்கு வராது. அண்ணன் கைக்குத்தான் படியும். அவரையே வளைக்கச் சொல்லுங்க. மேசையும் அவருக்குத்தான் நியாயம்."

ஃபெல்ட்டனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னிக்கு... வேணாமே."

"என்னய்யா, புதுப்பொண்ணு மாதிரி நெளியறே? வளை!" என்றார் ஹம்மான்.

வளைத்தான். காப்பு படக்கென்று இரண்டாய்ப் போயிற்று.

ஹம்மான் முகம் கறுத்தது. ஃபெல்ட்டன் வாயைத் திறப்பதற்குள் யோஸ்ட் முந்திக்கொண்டான். "என் தப்பு முதலாளி. நான் சரியாக் காய்ச்சாம விட்டுட்டேன் போல. அண்ணன் என்ன பண்ணுவார், பாவம்!"

யோஸ்ட்டுக்குச் செம திட்டு. அவனை மூலையில் குழல் அராவ உட்காரவைத்த ஹம்மான், ஜன்னலோர மேசையை ஃபெல்ட்டனுக்கே கொடுத்தார். அதையும் ஃபெல்ட்டன் வாங்கிக்கொண்டான். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, மூலையில் இருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தான். செய்யாத தப்பை "என்னுது" என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான், படுபாவி! செய்த தனக்கு அந்த ஒரு சொல் வரவில்லையே என்று ஃபெல்ட்டனுக்கு அவன்மேல் முன்னைவிடப் பொறாமையாக இருந்தது.