நடுவில் உட்கார்ந்த வாய்

பெரியவர்கள் பேசாமல் சாப்பிட்டால் சாப்பாடு ருசியாக இருக்கிறது என்று அர்த்தம் என நம்பிய முட்டாள் நான். சின்ன வயதில் எனக்கிருந்த ஞானம் அவ்வளவுதான். சிதம்பரத்தில் எதியோப்பியச் சாப்பாடு சாப்பிட்ட அன்றும் அதே ஞானத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவும் தாய்மாமனும் பேசி ஒரு வருடமாகியிருந்தது. கிள்ளையில் மாமா புது வீடு கட்டிக் குடிபோனபோது, பத்திரிகையைத் தட்டில் வைத்து நேரில் கொடுக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அந்த வீட்டு மாப்பிள்ளையான அப்பா, ஃபோனைக் கவிழ்த்து வைத்தவர்தான். அன்றிலிருந்து இவர் அங்கே கை நனைப்பதில்லை, அவர் இங்கே கை நனைப்பதில்லை.

இந்த லட்சணத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை எப்படி மணவறைக்கு அனுப்புவது?

"அவனுக்கும் வாட்ஸ்அப்லயே அனுப்பிடு" என்றார் அப்பா. அம்மா அழுதாள். அக்கா அழவில்லை, சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயங்கரமாக இருந்தது.

சித்தப்பா சில வருடங்கள் எதியோப்பியாவில் கல்லூரி வாத்தியாராக இருந்தவர். அந்த ஊரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒருவரின் மனைவி, சிதம்பரத்தில் வாடகை வீட்டின் முன்னறையில் உணவகம் நடத்துவதைக் கண்டுபிடித்து, எங்களைத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். மாமா வருவதை அப்பாவிடமோ, அப்பா வருவதை மாமாவிடமோ அவர் மூச்சுவிடவில்லை.

மாமா பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் அப்பா எழுந்துவிட்டார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கடக்காரம்மா பாக்குறாங்க, ஒக்காருங்க."

வெளிநாட்டுக்காரர் முன்னால் மானம் போகக்கூடாதே என்று உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில், எல்லைக் காவலுக்கு, என்னைப் போட்டார்கள்.

ஆறு பேருக்கும் ஒரே தட்டு வந்தது. அதில் இஞ்செரா என்று ஒன்று, வண்டிச் சக்கரம் அகலத்துக்கு, ஆப்பம் போல உடம்பெல்லாம் துளை, நாக்கில் வைத்தால் புளிப்பு. அதன் மேலேயே பருப்பு, கீரை, செக்கச்செவேல் என்று கோழிக்குழம்பு.

"எல்லாரும் ஒரே தட்டுலயா? எச்சி பாக்க மாட்டாங்களா?" அம்மா முணுமுணுத்தாள்.

அப்பா தன் பக்கத்து ஓரத்தைப் பிய்த்தார். மாமா தன் பக்கத்து ஓரத்தை. அக்கா தொடவே இல்லை. நான் மட்டும் பாஸ்போர்ட் இல்லாமல் எல்லாப் பக்கமும் நுழைந்து மேய்ந்தேன்.

கடைக்காரம்மா இஞ்செராவில் கறியைச் சுருட்டிச் சித்தப்பாவின் வாயில் ஊட்டிவிட்டார். மென்றுகொண்டே சித்தப்பா சொன்னார்: "இது இவுங்க வழக்கம். ஊட்டுனா வாங்கிக்கணும். வேணாம்னா ஒறவே வேணாம்னு அர்த்தம். மச்சான், அடுத்து நீங்க ஊட்டுங்க."

மாமா இருப்பதிலேயே பெரிய கோழித்துண்டை எடுத்துச் சுருட்டினார்.

"மாமா, இந்தாங்க" என்று அப்பாவிடம் கையை நீட்டினார்.

கை என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. அப்பா அதைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அக்காவின் கண் அப்பாவைவிட்டு நகரவில்லை. குழம்பு என் டவுசரில் சொட்டியது. அப்பாவின் உதடு லேசாக அசைந்ததை இப்போது நினைத்தால் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது கோழி மட்டும்தான்.

லபக்.

மாமாவின் வெறும் விரல்கள் அப்படியே அந்தரத்தில் நின்றன. சித்தப்பா தலையில் கைவைத்தார். அப்பா என்னை முறைத்த முறைப்பில் கறியை மெல்லாமலே விழுங்கினேன். ஒரு வாய்க்கு இத்தனை கலவரமா? அக்காவின் கல்யாணத்தையே முழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"தட்டுல இன்னும் நெறைய இருக்கேப்பா, எதுக்கு மொறைக்கிற?" என்றேன்.

அப்பா என் தலையை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினார். இப்போது அவருக்கும் மாமாவுக்கும் நடுவில் எதுவுமில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார்:

"அது எனக்குக் குடுத்ததுடா."