மோட்டர் நிப்பாட்டப் போறன்

1986 மாசி பன்னிரண்டு, புதன்கிழமை. லண்டனுக்குப் புறப்பட்ட சண்முகநாதன் வாசல் படலை வரை போய்த் திரும்பி வந்தான்.

"அம்மா, கம்பியூட்டரை ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் போட்டுவிடுங்கோ. இல்லாட்டி ஈரம் பிடிச்சிடும். கரண்ட் கூடினா எரிஞ்சுபோம், கவனம். நான் வந்து எடுப்பன்."

அன்றோடு தாய் தங்கமுத்துவுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. புத்தூரில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த காலம். வந்தால் தோட்டக்காரர் எல்லாரும் ஒன்றாகக் கிணற்று நீர் இறைப்பார்கள். மோட்டர்கள் இழுக்கிற இழுப்பில் வீட்டு பல்ப் பூசணிப்பூவாய் மஞ்சளிக்கும். மோட்டர்கள் நின்றால் அதே பல்ப் கண்ணைக் குத்தும். அப்படி ஒருநாள் றேடியோ புகைந்தது. கம்பியூட்டர் தப்பியது, அன்றைக்கு அதைப் போட மறந்ததால்.

உடனே பக்கத்துத் தோட்டத்துச் சோமசேகரத்துக்குச் சட்டம் போட்டாள்: நிறுத்துமுன் குரல் கொடுக்கவேண்டும்.

"உங்கடை பெட்டியைக் கேட்டோ நான் மோட்டர் நிப்பாட்டிறது, அக்கை?"

"கேளன். வாய் தேஞ்சே போகும்?"

கேட்டான். "அக்கை, மோட்டர் நிப்பாட்டப் போறன்" என்று வேலிக்கு அப்பால் குரல் எழுந்தால், வெங்காயப் பாத்தியோ அடுப்பில் புட்டோ, போட்டது போட்டபடி ஓடுவாள். சேற்றுக் கையைச் சீலையில் துடைத்துப் பிளக்கைப் பிடுங்குவாள். பல்ப் அடங்கும்வரை மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். அந்தத் திரையில் வரும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அவளுக்கு விளங்காது. கோயிலில் பூசை முடியுமுன் எழும்புகிறவளைப் பார்த்து அயல்வீட்டு மீனாம்பிகை கேட்பாள்: "என்னடி, மாடு கண்டு ஈனுதோ?"

1990இல் சண்டை மூண்டு மின்சாரம் அடியோடு நின்றது. சோமசேகரம் மண்ணெண்ணெய் மெசினுக்கு மாறினான். அதை நிறுத்தினால் எந்த வீட்டுப் பல்புக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் தங்கமுத்து காலையில் பிளக்கைச் செருகினாள். "கரண்ட் எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்?" அவன் குரல் கொடுப்பதையும் விடவில்லை, அவள் ஓடுவதையும் விடவில்லை.

1993 ஆவணியில், தரைப்பாதை மூடிக் கிடக்க, கிளாலிக் கடலால் படகில் வந்த ஒருவர் கையில் கடிதம் வந்தது. எழுதி ஐந்து மாதமாகியிருந்தது.

"அம்மா, எனக்கு இங்கையே இருக்க அனுமதி கிடைச்சிட்டுது. இனி அங்கை வாறது கஷ்டம். அந்தக் கம்பியூட்டர் இப்ப பழசு. ஆருக்கும் குடுத்துவிடுங்கோ. இனி அதுக்காக ஓடித் திரியாதேங்கோ."

பாத்தியில் நின்றபடியே வாசித்தாள். மறுபடி தொடங்கி வாசித்துக்கொண்டிருக்கையில் வேலிக்கு அப்பால் குரல் எழுந்தது.

"அக்கை, நிப்பாட்டப் போறன்."

கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். கையைத் துடைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். மெசின் சத்தம் அடங்கும்வரை மேசையைச் சுற்றி நடந்துவிட்டு, பிளக்கைத் திரும்பவும் செருகினாள்.