இரண்டு இஸ்தோப்பில் ஓர் ஓடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டின் இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, பத்தடி நீளம். நான் செய்ய நினைத்த ஓடமோ பதினான்கு அடி. கணக்கு டீச்சரான எனக்கு இந்தக் கழித்தல் தெரியாமல் இல்லை. மிச்ச நாலடியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

அக்கரப்பத்தனையிலிருந்து கொட்டகலைக்குப் படிப்பிக்கப் போகிறவள் நான். தலவாக்கலையில் பஸ் வளையும்போது நீர்த்தேக்கம் தெரியும். எத்தனை நெரிசலிலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிவிடுவேன். பிறகு ஒரு விடுமுறையில், எங்கோ குளிர்தேசத்தில் ஒருவர் விரல் அகல மரக்கீற்றுகளை ஒவ்வொன்றாக ஒட்டி ஓடம் செய்வதை ஃபோனில் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் என் கணவரிடம் சொன்னேன்.

அவர் கொட்டகலையில் ஒரு மர ஆலையில் வேலை செய்கிறார். சோற்றைப் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸுல ஏறுனாலே உனக்கு வாந்தி வருது. இதுல ஓடம் வேறயா?"

"தண்ணியில வளைவு இல்லைங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மரம் தானாக வந்து சேர்ந்தது. எங்கள் மாதா கோயில் வளவில் நின்ற பெரிய சைப்பிரஸ் ஒரு காற்றில் சாய்ந்தது. அதை அறுத்துக் கோயிலில் உட்கார வாங்குகள் செய்தது போக மிஞ்சிய பலகைகளைச் சாமியார் எங்களுக்கே கொடுத்தார். என் கணவர் வேலை முடிந்த பிறகு அவற்றைக் கால் அங்குலக் கனத்தில் கீற்றுகளாக அறுத்து, கட்டாகக் கட்டி, பஸ்ஸின் கூரையில் போட்டுக் கொண்டுவந்தார். வீடே மரவாசம் பிடித்தது.

அக்காவிடம் கேட்கப் போனேன். இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறிக்கிறவர். பிள்ளைகள் இருவரும் கொழும்பில். அவருக்குத் துணை ஆறு கோழிகள்தான். எங்கள் இரண்டு இஸ்தோப்புகளுக்கும் நடுவே ஒரு தகர மறைப்பு இருந்தது.

"அக்கா, ஒரு நாலடி எடம் வேணும். மூணு மாசத்துக்கு."

"எதுக்கு?"

"ஓடம் செய்யப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியமா என்று கேட்பார் என நினைத்தேன்.

"தகரத்தக் கழட்டணும்ல? சுத்தியல் எங்கிட்ட இல்ல, நீங்க எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஓடத்தின் குறுக்கு வடிவங்களைத் தாளில் பெரிதாக வரைந்து, ஒட்டுப்பலகையில் அச்சுகளாக வெட்டினோம். ஒரு நீண்ட கட்டையின் மேல் அடிக்கொன்றாக அவற்றை நிறுத்தினோம். ஓடத்தைக் கவிழ்த்த நிலையில்தான் கட்ட வேண்டும். அச்சுகளின் மேல் கீற்றுகளை வளைத்து, ஒன்றோடொன்று பசை தடவி ஒட்டுவது வேலை. ஒரு நாளைக்கு நாலு கீற்றுக்கு மேல் முடியாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கோழிக்கூடா என்றார் ஒருவர். தேர் செய்றாங்க டீச்சரம்மா என்றார் இன்னொருவர். அக்காதான் எல்லாருக்கும் பதில் சொன்னார்: "முடிஞ்சதும் பாருங்க."

கடைசிக் கீற்றும் ஒட்டிய பிறகு சீவுளி போட்டு, சேண்ட் பேப்பரால் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் தேய்த்ததும் வழவழவென்று ஆகிவிட்டதாக எனக்குப் பெருமை. ஒரு சாயங்காலம் மலையிலிருந்து வந்த அக்கா, கை கழுவிவிட்டு ஓடத்தின் மேல் உள்ளங்கையை ஓடவிட்டார்.

"இங்க ஒரு மேடு இருக்கு டீச்சர்."

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணால பாத்தா தெரியாது. மூடிக்கிட்டுத் தடவுங்க."

மூடிக்கொண்டு தடவினேன். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. வளையும் ரூலரை வைத்துப் பார்த்தேன். அக்கா காட்டிய இடத்துக்கு இரு பக்கமும் வெளிச்சம் நூல்போல் கசிந்தது. எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. கொழுந்தையும் முற்றலையும் பார்க்காமலே பிரித்தறிகிற விரல்கள் அவை. அன்றிலிருந்து அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவி, சோக்கால் வட்டம் போடுவார். நான் வட்டங்களைத் தேய்ப்பேன். முதல் நாள் நாற்பத்திரண்டு வட்டங்கள். பள்ளிக்கூடத்தில் நான் போடும் சிவப்பு வட்டங்களை வாங்குகிற பிள்ளைகளின் மனசு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது, மெல்லிய கண்ணாடி இழைத் துணியை விரித்து அதன்மேல் ரெசின் பூசுவது. காயக் கொஞ்சம் சூடு வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. எங்கள் மலையில் அந்த வாரம் முழுக்க மூட்டம். இரண்டு நாளாகியும் பூச்சு வெல்லப்பாணி போல ஒட்டியது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், அக்காவின் சிவப்புச் சேவல் ஓடத்தின் முதுகில் நின்றுகொண்டிருந்தது. போக முடியவில்லை. ஒரு காலை எடுத்தால் மறுகால் ஒட்டிக்கொள்கிறது. நான் அழுவதா சிரிப்பதா என்று நிற்க, அக்கா சேவலைத் தூக்கி அதன் காலை எண்ணெய் போட்டுத் துடைத்தார். இறகுகள் அங்கங்கே ஒட்டிக்கிடந்தன.

"கோழிக்குஞ்சு வளக்குற பல்ப் ரெண்டு எங்கிட்ட இருக்கு. குஞ்சுக்குப் போதுற சூடு இதுக்குப் போதாதா?" என்றார்.

என் கணவர் மரக்கறித் தோட்டக்காரர் ஒருவரிடம் பொலித்தீன் விரிப்பு வாங்கிவந்து ஓடத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டார். உள்ளே பல்புகள் எரிந்தன. மறுநாள் காலை நகத்தால் தட்டினேன். டிக் என்றது. இறகுகளைத் தேய்த்து நீக்கி இன்னொரு பூச்சு பூசினோம். சைப்பிரஸின் ரேகைகள் தேன் நிறத்தில் எழுந்து மின்னின. அக்கா அதில் முகம் பார்த்துத் தலை முடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஓடத்தை நிமிர்த்தி, அச்சுகளைக் கழற்றி உள்ளேயும் பூசினோம்; மிச்சப் பலகையில் என் கணவர் இரண்டு துடுப்பு செய்தார்.

தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. மேனேஜரிடம் அனுமதி கேட்டோம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிச் சம்மதித்தார். நுவரெலியா ஏரியில் படகு ஓட்டுகிற, என் கணவரின் சிங்கள நண்பர் ஒருவர் மூன்று ஜாக்கெட்டோடு தானும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஆறு பேர் ஓடத்தைத் தோளில் தூக்கித் தேயிலைக்கு நடுவே இறங்கினோம். பின்னால் பாதி லயம் வந்தது.

தண்ணீரில் வைத்ததும் ஓடம் இலைபோல் மிதந்தது. அதுவரை ஆசையாய் இருந்த எனக்குக் கால் நகரவில்லை. நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"நங்கி, பய வெண்ட எபா" என்றார் நண்பர், தங்கச்சியிடம் பயப்படாதே என்று சொல்வதுபோல.

அக்கா சேலையின் மேலேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். "ஏறுங்க டீச்சர். நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மழ வந்துரும்."

ஏறினேன். துடுப்புப் போட்டோம். ஓடம் நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. கரையில் ஒரே சிரிப்பு.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் போடுறீங்க!" என்று என் கணவர் கத்தினார்.

நான் பக்கம் மாற்றினேன். அதே நேரம் அக்காவும் மாற்றினார். ஓடம் மறுபக்கமாகச் சுற்றியது. சிரித்துச் சிரித்துத் துடுப்புப் போட முடியவில்லை. ஒருவழியாகக் குளத்தின் நடுவுக்குப் போனோம். அக்கா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, தான் தினமும் ஏறுகிற மலையை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு ஒசரத்துலயா நான் நிக்கிறேன்?" என்றார் மெதுவாக.

கரைக்கு வந்தபோது, ஏறிப் பார்க்க ஒரு வரிசையே காத்து நின்றது. என் கணவரின் முறை வந்தது. ஓடத்தில் எழுந்து நின்று, ஃபோட்டோ எடு என்றார். நான் எடுப்பதற்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் எங்கள் ஊர்த் தண்ணீரின் குளிர் அவரைக் கத்த வைத்தது. அக்கா சிரிப்புத் தாங்காமல் புல்லில் உட்கார்ந்துவிட்டார். என் கணவரின் செருப்பு ஒன்று மட்டும் குளத்தின் நடுவை நோக்கி மிதந்து போனது.

அதை எடுத்துவர நானும் அக்காவும் மறுபடி ஏறினோம். இந்த முறை ஓடம் நேராகப் போனது.